இருளப்பன் திறந்து வைத்த ரெக்கார்டு

மருந்துக் கிடங்கின் கணினி அறையில் நிலோபர்தான் குரு. சீடர் சவரிமுத்து வயதில் அவளைவிட ரொம்ப மூத்தவர். பெட்டி தூக்கிக்கொண்டிருந்த மனிதர், நாற்பது வயதுக்கு மேல் இந்தக் கணினி வேலைக்கு வந்தார். கற்றுக்கொள்வதில் அவருக்கு வெட்கமே கிடையாது. அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள்.

அன்று காலை பாம்புக்கடி மருந்தைக் கேட்ட எல்லாத் திரைகளும் அப்படியே உறைந்து நின்றன. சீட்டு அச்சாகாமல் குளிர் அறையிலிருந்து ஒரு குப்பிகூட வெளியே வராது. அது கிடங்கின் சட்டம்.

ஆஸ்பத்திரி வண்டியின் டிரைவர் வாசலில் தவித்தார்.

"வயல்ல கடிபட்ட பொம்பளை சார். ஆஸ்பத்திரில இருந்த மருந்தெல்லாம் ஏத்தியாச்சு. இன்னும் எவ்வளவு நேரம்?"

"இதோ, அஞ்சு நிமிஷம்" என்றார் சவரிமுத்து, மறுபடியும்.

அப்போதுதான் நிலோபர் உள்ளே வந்தாள். திரைகளைப் பார்த்தாள். ஒருவர் திருத்துவதற்காகத் திறந்த ரெக்கார்டை, அதாவது ஒரு மருந்தின் இருப்புப் பதிவை, அவர் விடும்வரை வேறு புரோகிராமால் தொட முடியாது. கேட்ட புரோகிராம் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, அது யார் கையில் இருக்கிறது என்று சொல்லும். இங்கே எதுவும் சொல்லவில்லை.

"ஏண்ணே ஒரு மெசேஜும் வரல?"

"காத்திருக்கிற நேரத்தை மாத்திட்டேன் மேடம்."

"எவ்வளவுக்கு?"

"எல்லையே இல்லாம."

"ஏன்?"

"மெசேஜ்ல அவன் பேரு வந்துச்சு. இந்த ரெக்கார்டு இருளப்பன்கிட்ட இருக்குன்னு. ஒவ்வொருத்தரா வந்து என்கிட்டயே கேக்குறாங்க. என்னால பார்க்க முடியல."

இருளப்பனும் அவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். முந்தாநாள் சாயங்காலம் பாம்புக்கடி மருந்தின் இருப்பைத் திருத்த அந்த ரெக்கார்டைத் திறந்த இருளப்பன், டீ குடிச்சிட்டு வந்து முடிக்கிறேன் என்று எழுந்து போனார். டீக்கடை பெஞ்சிலேயே உயிர் போய்விட்டது. நேற்று அடக்கம். கிடங்குக்கு விடுமுறை.

கணினியில் ஓடும் வேலைகளின் பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே நாலு என்று அடித்தால், அந்த வேலை பாதியிலேயே முடிந்து, பிடித்திருந்த ரெக்கார்டு விடுபட்டுவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சிரித்துக்கொண்டே காட்டிக்கொடுப்பவர் சவரிமுத்துதான். இன்றைக்கு அவருக்குக் கை வரவில்லை.

"முடிச்சா அவன் அடிச்சதெல்லாம் போயிடுமே மேடம்."

"போயிடும்."

"வேற வழி இல்லையா?"

நிலோபர் இருளப்பன் இடத்துக்குப் போனாள். நாற்காலியில் அவருடைய துண்டு கிடந்தது. திரையை யாரும் அணைக்கவில்லை. பாதி அடித்த எண்ணுக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"இது எதுக்குண்ணே நிக்குது?"

"அவன் எண்டர் தட்டுவான்னு."

"எத்தனை நாள் நிக்கும்?"

"எத்தனை நாளானாலும்."

அவள் பக்கத்துத் திரையில் பட்டியலைத் திறந்தாள். கை விசைக்குப் போனது. சவரிமுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க மேடம், அவன் வந்து..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

"வரமாட்டாருன்னு மெஷினுக்குத் தெரியாதுண்ணே" என்றாள் நிலோபர். "உங்களுக்குத் தெரியும்."

வாசலில் டிரைவர் யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து அவள் கையை விட்டார். துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவரே நாலு என்று அடித்தார்.

உறைந்திருந்த திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நகர்ந்தன. பிரிண்டர் ஓடியது. டிரைவர் குளிர்பெட்டியோடு வண்டிக்கு ஓடினார். மருந்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கிடங்குக்கு யாரும் சொல்வதில்லை.

இருளப்பன் திரையில் பாதி எண் போய், வேறு ஏதோ வந்திருந்தது. சவரிமுத்துவுக்குக் கண்ணில் நீர் முட்டி எழுத்தே தெரியவில்லை.

"என்ன மேடம் வந்திருக்கு?"

"பேரு கேக்குதுண்ணே" என்றாள் நிலோபர். "அடுத்த ஆளோட பேரு."