முனைக்கு இந்தப் பக்கம்

2019 பிப்ரவரி 17, காலை ஏழு மணி. பாய்மரப் படகில் இரண்டு பேர். சுக்கான் பிடித்திருந்தவர் வேதாசலம்.

வயது அறுபத்து மூன்று. அந்தமானில் மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே உட்கார்ந்து அவருக்குப் படகோட்டச் சொல்லிக்கொடுத்தவர் ரோஸ்லின். அவரைவிட முப்பது வயது இளையவர். வேதாசலம் அவரை "கேப்டன்" என்றுதான் கூப்பிடுவார்.

மாதக் கடைசியில் மகன் வந்து வேதாசலத்தைப் பெங்களூருக்கு அழைத்துப் போகிறான், நிரந்தரமாக. அதற்குள் ஒரு முறை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், படகைத் தன் கையால் ஓட்டிவிட வேண்டும். படகை எப்போது தருவீர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டார். அன்றும் கேட்டார்.

ரோஸ்லின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வழியில் இருந்த சுற்றுலாத் தீவில் படகைக் கட்டச் சொன்னார். வாடகைக் கடையில் ஒரு சைக்கிளை எடுத்து, டயரை அமுக்கிப் பார்த்து, அவரிடம் கொடுத்தார்.

"சுத்திப் பார்த்துட்டு வாங்க சார். பதினோரு மணிக்கு மேல இங்க தண்ணி வத்திடும். அதுக்குள்ள வந்தா, திரும்பும்போது படகு உங்களுது. நான் வெறும் பயணி."

"பயணி வாந்தி எடுத்தா அவங்களே கழுவணும், கேப்டன்."

தீவின் நீளத்துக்கும் ஒரே சாலை. காற்று முதுகில் இருந்தது. முழங்கால் வலி நினைவுக்கே வரவில்லை. தேனிலவு ஜோடிகளை மணியடித்து முந்தினார். நினைத்த கடற்கரைக்குச் சீக்கிரமே வந்துவிட்டதால் அடுத்ததற்கும் போனார். பிறகு கடைசிக் கடற்கரைக்கும்.

திரும்பியபோது காற்று முகத்தில் அறைந்தது. எதிர்க்காற்றில் படகை எப்படி ஓட்டுவாரோ அப்படியே சைக்கிளையும் ஓட்டினார், சாலையின் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரத்துக்குக் குறுக்குக் குறுக்காக. இளநீர் விற்ற பெண் அவரை நிறுத்தி, இந்நேரத்துக்கு எந்தச் சாராயக்கடை திறந்திருக்கிறது என்று விசாரித்தார். அதன் பிறகு வேதாசலம் இறங்கித் தள்ளினார்.

நெஞ்சு படபடத்தது. கடைசி மேட்டில் ஏறியபோது மரங்களுக்கு மேலே பாய்மரத்தின் நுனி தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மிச்ச தூரம் மெதுவாகவே வந்தார்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. படகு மணலில் சாய்ந்து கிடந்தது. சாய்ந்த பலகையில் காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து ரோஸ்லின் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். முதலில் சாப்பிடச் சொன்னார். இனி இருட்டிய பிறகுதான் படகு மிதக்கும் என்றார். குரலில் கோபம் இல்லை.

"தீவு முனைக்கு அந்தப் பக்கம் ஆழம் இருக்கே," என்றார் வேதாசலம். "அங்க கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாமே. படகாவது தப்பிச்சிருக்கும்."

"நிறுத்தினேன்."

"அப்புறம்?"

"அங்க நின்னா ரோட்டில இருந்து படகு தெரியாது சார். நான் போயிட்டேன்னு நினைச்சு, எதிர்க்காத்துல நீங்க இன்னும் வேகமா மிதிப்பீங்க. அதான் திருப்பிக் கொண்டுவந்துட்டேன்."

வேதாசலம் கையில் எடுத்த சோற்றோடு படகையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது தருவீர்கள் என்று அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

2019 மார்ச் 10 அன்று வேதாசலம் அந்தப் படகைத் தனியாக ஓட்டினார். பெங்களூர்ப் பயணம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போயிருந்தது.