ஒரே கடலில் இரண்டு காற்று

நாகப்பட்டினம் ஒல்லாந்தர் என்னும் டச்சுக்காரர் கையில் இருந்த காலம். கடற்கரை மடத்தில் இருந்த துறவி ஒருவருக்குச் செங்கமலம் என்றொரு சிஷ்யை. குருவைவிட அவளுக்குப் பத்து வயது கூடுதல்.

அவள் கணவன் ஒல்லாந்தர் கப்பலில் பாயும் கொடியும் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டையில் அந்தக் கப்பல் எரிந்து மூழ்கியது. ஆட்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு ஓயாத அவளிடம், கோட்டை எழுத்தர் ஒருவர், அந்தச் சண்டையைக் காட்டும், சீமையிலிருந்து வந்த படமொன்றைக் கொடுத்தார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தது.

ஒருநாள் அதைக் குருவின் முன்னால் விரித்தாள்.

"தியானம் கூடவில்லை, சாமி. கண்ணை மூடினால் இந்தக் கொடிதான் வருகிறது."

கப்பல் பாதி எரிந்திருந்தது. பாய்மரத்தின் உச்சியில் ஒல்லாந்தரின் மூன்று பட்டைக் கொடி மட்டும் விரிந்து பறந்தது.

"கொடியை இறக்கினால் பணிந்தோம் என்று அர்த்தமாம். எதிரி சுட மாட்டானாம். கைதியாகவாவது உயிரோடு இருந்திருப்பார். கொடிக் கயிறு அவர் கையில்தானே இருந்தது? எவன் ஊர்த் துணிக்காகவோ என்னை விட்டுவிட்டாரே!"

குரு எழுந்து கஞ்சி அடுப்பருகே போனார். தோள்துண்டை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார்.

"புகை எந்தப் பக்கம் போகிறது, அம்மா?"

"வடக்கே."

"துண்டு?"

"அதுவும் வடக்கேதான்."

"இப்போது படத்தைப் பாருங்கள்."

குனிந்து பார்த்தாள். பீரங்கிப் புகை இடப்பக்கம் போயிற்று. கொடி வலப்பக்கம் பறந்தது.

"ஒரே கடலில் இரண்டு காற்றா?"

"வரைந்தவர் அங்கே இல்லை. கொடி நன்றாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு."

"அப்படியானால் இறக்கியிருப்பாரா, சாமி? உயிரோடு இருக்கிறாரா?"

"எனக்குத் தெரியாது. இந்தப் படத்துக்கும் தெரியாது."

கஞ்சி பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"இந்தப் படம் கைக்கு வந்த நாளிலிருந்து அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருப்பேன். அதுவும் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?"

"வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"பேரைச் சொல்வதில்லை. 'இந்தாங்க, சாப்பிட வாங்க' என்பேன்."

"அவர் போன பிறகு ஒரு தடவையாவது அப்படிக் கூப்பிட்டீர்களா?"

செங்கமலம் கடல் பக்கம் திரும்பினாள். வாய் திறந்தது. "இந்தாங்க..." என்றவள், மீதியைச் சொல்லாமல் அழத் தொடங்கினாள்.