ஒரே இலையில நாலு பேர்

செம்பனூர் ராஜா குமாரராயருக்கு யானை இருந்துச்சு, சேனை இருந்துச்சு, வாய்க்கு ருசியா சாப்பாடு மட்டும் இல்லை. உப்பு, புளி, காரம் மூணையும் அரண்மனை வைத்தியர் ராஜா இலையிலேர்ந்து நாடு கடத்திட்டார்.

அந்தச் சபையில மாசிலாமணின்னு ஒரு விகடகவி. பாடசாலையில பாதி, சிலம்புக்கூடத்துல பாதின்னு எதையும் முழுசா படிக்காதவன். தான் முழுசா முடிச்சது சாப்பாடு ஒண்ணுதான்னு அவனே சொல்லிக்குவான். ஒருநாள் ராஜா பத்தியச் சோத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இவன் வாய் சும்மா இருக்கலை. சந்தைப்பேட்டை அங்கம்மா கடையில ஒரு காசுக்கு ராஜா மாதிரி சாப்பிடலாம்னு உளறிட்டான். ராஜா எதிர்லயே.

மந்திரி நரசய்யா இதுக்குத்தான் காத்திருந்தார். "ஒரு காசுல ஒருத்தன் சாப்பிடறது பெரிய காரியமா? ராஜா, நான், தளபதி, நீ. நாலு பேரும் அதே ஒரு காசுல பாயசம் வரைக்கும் சாப்பிடணும். கடன் கூடாது, கெஞ்சக் கூடாது, வந்திருக்கிறது ராஜான்னு சொல்லவும் கூடாது. முடியலைன்னா இனிமே மடைப்பள்ளிப் பக்கம் நீ தலை காட்டக் கூடாது."

தலையைக் கேட்டிருந்தாக்கூட மாசிலாமணி குடுத்திருப்பான், அதுக்குள்ள பெருசா ஒண்ணும் இல்லைன்னு அவனுக்கே தெரியும். மடைப்பள்ளி போனா உயிரே போன மாதிரி.

மறுநாள் மத்தியானம் நாலு பேரும் ஜவுளி வியாபாரி வேஷத்துல கிளம்பினாங்க. மாசிலாமணி தோள்ல ஒரு வாழை இலை. நறுக்காத முழு இலை, மரத்துலேர்ந்து அப்படியே இறக்கினது, ஆள் உயரத்துக்கு மேல நீளம்.

அங்கம்மா கடையில சட்டம் ரெண்டுதான். இலைக்கு ஒரு காசு, சொந்த இலை கொண்டுவந்தாலும் அதேதான். இலையை மடிக்கிற வரைக்கும் கேட்டதெல்லாம் வரும்.

மாசிலாமணி காசை வச்சுட்டு இலையை விரிச்சான். ஒரு பக்கம் ராஜாவும் மந்திரியும், எதிர்ப்பக்கம் தளபதியும் இவனும். அங்கம்மா இடுப்புல கை வச்சுப் பார்த்தா.

"ஏம்ப்பா, இது இலையா, பந்திப்பாயா?"

"இலைதான்க்கா. வேணும்னா காம்பை எண்ணிப் பாருங்க. ஒண்ணுதான் இருக்கு."

சொன்ன சொல்லை மாத்தினா கடைக்குக் கேவலம். அங்கம்மா சிரிச்சுக்கிட்டே பரிமாறச் சொன்னா. ராஜா கத்திரிக்காய்ப் புளிக்குழம்பைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தளபதி வாயைப் பேச்சுக்குத் திறக்கவே இல்லை. அவரைத் தாண்டி இலையோட வால் ஓரத்துக்கு ரசஞ்சோறு தவிர ஒண்ணும் வந்து சேரலை. வால் ஓரத்துல உட்கார்ந்திருந்தது யாரு? திட்டம் போட்ட மகா புத்திசாலிதான்.

பாயசச் செம்பு உள்ளேர்ந்து வந்துச்சு. மந்திரி சட்டுன்னு எட்டி, எதிர்ப்பக்க ஓரத்தைப் பிடிச்சுத் தன் பக்கமா இழுத்து இலையை மடிச்சார். மாசிலாமணி அப்பத்தான் பிசைஞ்ச ரசஞ்சோறு நடு நரம்பைத் தாண்டி ராஜா பக்கம் குடியேறிருச்சு.

"இலை மடிச்சாச்சும்மா. சாப்பாடு முடிஞ்சது," மந்திரி மீசையைத் துடைச்சார்.

சட்டம் சட்டம்தானே. அங்கம்மா செம்போட திரும்பினா. மாசிலாமணி துண்டைத் தலையில போட்டுக்கிட்டு விசும்ப ஆரம்பிச்சான். என்னப்பா ஆச்சுன்னு அவ பதறிப்போய்க் கேட்டா.

"ஒண்ணுமில்லக்கா. இலை அவங்க பக்கமா மடிஞ்சிருக்கு, அவங்களுக்குத் திருப்தி. இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அது வெளிப்பக்கமா மடிஞ்சிருக்கு. எழவு வீட்டுலதானே அப்படி மடிப்பாங்க. அதான் முறைப்படி அழறேன்."

கடையில சாப்பிட்டவங்க கையெல்லாம் அந்தரத்துல நின்னுச்சு. அங்கம்மா முகம் வெளுத்துருச்சு. "என் கடையில எழவுச் சாப்பாடா? செத்தது யாருய்யா?"

"இன்னும் யாரும் சாகலக்கா. பாயசம் வராட்டி நான்தான்."

அங்கம்மா பாய்ஞ்சு வந்து இலையைப் பிரிச்சுவிட்டு, பாயசத்தைச் செம்போட கவுத்தா. ராஜா சிரிச்ச சிரிப்புல தலைப்பாகை அவுந்து வேஷம் கலைஞ்சுபோச்சு. மடைப்பள்ளி ஆயுசுக்கும் உனக்குத்தான்னு சொல்லி, கூடவே ஒரு வாழைத்தோப்பையும் மாசிலாமணிக்குக் குடுத்தார்.

அந்தத் தோப்புல இலை அறுக்குற அரிவாளை மட்டும் அங்கம்மா கேட்டு வாங்கி வச்சுக்கிட்டா.