சத்தமில்லாத எஞ்சின்

“மேஸ்திரி, எஞ்சினைப் பூனை கணக்கா அமைதியாக்கி வச்சிருக்கேன். அப்புறமும் மலை ஏறினா ஏன் நின்னுபோகுது?”

கேட்டவர் ராசுக்காளை. வயது ஐம்பத்தொன்பது. நூற்பாலையில் ஓய்வு பெற்று, ஆறு மாதமாக ரீத்தாவின் பட்டறையில் தொழில் பழகுகிறார். ரீத்தா மேஸ்திரிக்கு முப்பத்திரண்டு.

பட்டறை மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் இருக்கிறது. அங்கே மேகம் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வரும். ஸ்பானர்களை நனைத்துவிட்டுப் போகும். மேஸ்திரி அதை ஒன்றும் சொல்வதில்லை.

வண்டி ராசுக்காளையின் மகள் சங்கவியுடையது. செவிலியர் வேலை. தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மேல்மலை ஊர்களுக்குப் போகிறவள். இரண்டு வாரமாக வண்டி ஏழாவது வளைவில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்புகிறது.

நேற்று அவள் சொல்லிவிட்டாள்.

“இன்னொரு தடவை நின்னுச்சுன்னா நான் மேலேயே ரூம் எடுத்துத் தங்கிருவேன்ப்பா.”

மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் கேட்கிற ஒரே குரல் அவளுடையது. ராசுக்காளை பயந்துபோய், காலையிலேயே வண்டியைப் பட்டறைக்கு ஓட்டி வந்திருந்தார்.

ரீத்தா வண்டியை உதைத்துக் கிளப்பினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

“டேப்பட் சத்தம் எங்கண்ணே?”

“எடுத்துட்டேன்.” குரலில் பெருமை. “டிக் டிக்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பிள்ளை காட்டு வழியில தனியாப் போகுது. சத்தம் கேட்டா எனக்கு மனசு பதறுது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி டேப்பட் ரெண்டையும் நல்லா இறுக்கிவிட்டேன்.”

ரீத்தா எஞ்சினை அணைத்தார்.

“ஆறட்டும்.”

“மூணு மணிக்கு வண்டி எடுக்க வந்துருவா மேஸ்திரி. இப்பவே கழட்டிப் பாத்துட்டா...”

“ஆறட்டும்ணே.”

காத்திருப்பது ராசுக்காளைக்குக் கைவராத வேலை. முப்பத்தைந்து வருடம் மில் சங்கு ஊதியதும் ஓடியவர்.

மேகம் வந்தது. முதலில் எதிரே இருந்த சில்வர் ஓக் மரம் காணாமல் போனது. பிறகு ரோடு. பிறகு பட்டறையில் பாதி. வண்டி மட்டும் நடுவில் மிதந்துகொண்டிருந்தது. நேரம் காலையா மதியமா என்று தெரியவில்லை.

அவர் போனை எடுத்தார்.

“எங்கம்மா இருக்க? சாப்பிட்டியா? சரி, வச்சிர்றேன்.”

எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி போன்.

“இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கியா?”

மூன்றாவது தடவை மணி அடித்து ஓய்ந்தது. நான்காவது தடவையும்.

“எடுக்க மாட்டேங்குறா” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

“எஞ்சின்?” மேகத்துக்குள்ளிருந்து ரீத்தாவின் குரல் கேட்டது.

“ஆறிருச்சு.”

“கைக்கு ஆறிருச்சு. உள்ளுக்கு ஆறலை.”

மேகம் போய் வெயில் வந்தது. வெயில் போய் மேகம் வந்தது. கடைசியில் ரீத்தா ஸ்பானரை அவர் கையில் கொடுத்தார்.

டேப்பட் என்பது வால்வை அழுத்தித் திறக்கிற திருகு. அதற்கும் வால்வுக்கும் நடுவே செருகிப் பார்க்க மெல்லிய எஃகுத் தகடு ஒன்று உண்டு. ராசுக்காளை செருகினார்.

“போகலை.”

“எவ்வளவு எடம் விட்டீங்க?”

“எடமா? எடமே விடலையே!”

“எஞ்சின் சூடானா உள்ள எல்லாம் நீளும்ணே. நீள எடமில்லைன்னா வால்வு மூடாது. அப்புறம் எப்படி மலை ஏறும்?”

அவர் திருகைத் தளர்த்தினார். தகடு நுழைந்தது. இழுத்தால் வந்தது, லேசான பிடிப்போடு.

“பிடிச்சும் பிடிக்காம இருக்கு.”

“அங்கயே நிறுத்துங்க.”

அவர் கை சும்மா இருக்கவில்லை. இன்னும் ஒரு இழை இறுக்கப் போனது. ரீத்தா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தார். இரண்டாவது டேப்பட்டுக்கும் அப்படியே.

மூன்று மணிக்கு சங்கவி வந்தாள். உதைத்தாள். டிக், டிக், டிக்.

“என்னப்பா, சத்தம் போடுது?”

ராசுக்காளை தொண்டையைச் செருமினார்.

“போடட்டும்மா.”

அவள் மேகத்துக்குள் ஏறிப் போனாள். நான்காவது வளைவில் சத்தம் கேட்டது. ஐந்தாவது. ஆறாவது. ராசுக்காளை கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார்.

ஏழாவது வளைவில் எதுவும் கேட்கவில்லை.

அவர் கை தானாகப் போனுக்குப் போனது. அவள் பெயர் மேல் விரல் நின்றது.

ரீத்தா தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஆறட்டும்ணே.”

அவர் போனை ஸ்பானர் பெட்டிக்குள் வைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. சில்வர் ஓக் மரம் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.

பெட்டிக்குள் போன் அடித்தது.

“மேல வந்து சேந்துட்டேன்ப்பா. எங்கயும் நிக்கல. ஆமா, ஏன் ஒரு போனையும் காணோம்?”

ராசுக்காளை மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி அடுத்த வண்டியைக் கழட்டிக்கொண்டிருந்தார்.

“ஆறட்டும்னு இருந்தேம்மா.”