கடைசியாகப் பேசுகிறவர்

பனி கொட்டும் வடக்குச் சீமையில், மலையடிவாரத்தில், ஹோல்மார்க் என்றொரு சின்ன நாடு இருந்தது. முன்னொரு காலத்தில் அதை லொத்தார் என்கிற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் இருக்கிற மனசு மாலையில் இராது. கிறிஸ்தவர்கள் பழைய வழி, புதிய வழி என்று இரண்டாகப் பிரிந்து ஊருக்கு ஊர் மோதிக்கொண்டிருந்த காலம் அது. ராஜா ஒரு வாரம் பழைய பூசைக்குப் போவான். மறு வாரம் புதிய போதகரை அழைத்துப் பிரசங்கம் கேட்பான். அவன் எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியாது.

அவனுக்கு வலக்கையாக இருந்தவர் எக்பெர்ட் சுவாமி, ஆசீர்வாதப்பர் என்ற புனிதரின் ஒழுங்குப்படி வாழும் துறவிகளின் மடாதிபதி. ஐம்பதைத் தாண்டியவர். எல்லைத் தகராறா, பக்கத்து நாட்டோடு சமாதானமா, எதுவானாலும் "சுவாமியைக் கூப்பிடு!" என்பான் ராஜா. மடத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் சுவாமி தன்னையே குடைந்துகொள்வார். 'இன்று நான் சொன்னது நியாயமானதா, இல்லை ராஜாவுக்குப் பிடித்ததா?' இரண்டும் ஒன்றாக அமைந்த நாட்களில் நன்றாகத் தூங்குவார். அப்படிப்பட்ட நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

திவான் கஸ்பாருக்குச் சுவாமியைக் கண்டாலே வயிறு எரியும். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ராஜசபை நிறைந்திருக்கும்போது அவர் எழுந்தார்.

"அரசே, சுவாமி எந்த வழி என்று இன்று எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். பதில் உங்கள் மனசுக்கு ஒவ்வாவிட்டால் மடத்தைக் காலி செய்யட்டும்."

"பேஷ்! நல்ல பந்தயம்!" என்று ராஜா தொடையைத் தட்டினான்.

சுவாமி இரண்டு பதிலையும் எடை போட்டுப் பார்த்தார். பழைய வழி என்றால், ராஜாவுக்கு மேலே பாப்பரசரை வைத்த ராஜத்துரோகி என்பார் திவான். புதிய வழி என்றாலோ, அந்த வழியில் மடமே கிடையாது. படுக்கையை விட்டு எழ முடியாத கிழத் துறவிகள் அவர் கண்முன் வந்தார்கள். அந்தச் சுவர்களுக்குள்ளேயே வாழ்ந்து சாவோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள். வெளியே முழங்கால் அளவு பனி.

"சொல்கிறேன், அரசே. ஆனால் எங்கள் மடத்தில் எழுதி வைத்த ஒழுங்கு ஒன்று இருக்கிறது. பெரிய விஷயம் வந்தால் முதலில் எல்லோரும் பேச வேண்டும். மடாதிபதி கடைசியாகத்தான் பேசலாம்."

"அது ஏன்?"

"அவர் முதலில் வாயைத் திறந்தால், மற்றவர்கள் 'ஆமாம் சாமி' என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "அப்படியே ஆகட்டும்! கஸ்பார், நீர்தானே கிளப்பினீர்? நீரே ஆரம்பியும். பந்தயமும் அதேதான். பதில் பிடிக்காவிட்டால் உம் மாளிகை போச்சு."

திவானின் முகம் வெளுத்தது. "அரசர் வழி எதுவோ, அதுவே என் வழி."

"என் வழி எது?"

திவான் ராஜாவின் கழுத்தைப் பார்த்தார், ஜெபமாலை இல்லை. கையைப் பார்த்தார், வேதப் புத்தகமும் இல்லை. கடைசியில், பக்கத்து மேசையில் பாதி தின்ற பன்றிக்கறித் தட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"புதிய வழி, அரசே! பழைய வழிக்காரர் தவக்காலத்து வெள்ளியில் கறி தொடுவாரா?"

"அடப்பாவி! பசித்தது, தின்றேன். என் தட்டைப் பார்த்தா வேதம் படிக்கிறீர்?"

சபை சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்தது சேனாபதியின் முறை; அவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. மற்றவர்கள் தரையில் எதையோ தேடினார்கள். சிரித்த சிரிப்பில் ராஜா தம்மைக் கேட்க மறந்துவிடுவான் என்று சுவாமி நம்பியிருந்தார். மறக்கவில்லை.

"எல்லோரும் ஆயிற்று. கடைசி ஆள் நீங்கள்தான், சுவாமி."

இன்னொரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் தப்பிக்கலாம். சுவாமி அதை விழுங்கினார்.

"பழைய வழிதான், அரசே. புதியவர்கள் எங்கள்மேல் சொல்லும் குற்றங்களில் பாதி உண்மை. அதில் என் பங்கும் உண்டு. ஆனாலும் நான் சாகப்போவது பழைய வழியில்தான்."

ராஜாவின் சிரிப்பு நின்றது.

"இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை," என்றான். "ஆனால் என் முகத்தைப் பார்த்து அளக்காமல் வந்த பதில் இது ஒன்றுதான். நான் இருக்கும்வரை உங்கள் மடத்தை யாரும் தொட மாட்டார்கள். ஒன்று மட்டும்: நாளையிலிருந்து நீங்கள் ராஜசபைக்கு வர வேண்டாம். இப்படிப்பட்ட ஆளைத் தினமும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை."

சுவாமி தலை குனிந்து வணங்கினார்.

"கஸ்பார், உம் மாளிகை போச்சு. ஒதுங்க இடம் இல்லையென்றால் சுவாமியைக் கேளும். வந்த விருந்தாளியை விரட்டக்கூடாது என்பதும் அவர்கள் ஒழுங்குதானாம்."

பனியில் இருவரும் மடத்தை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் திவான் கேட்டார்.

"சுவாமி, என்னை ஏன் கூட்டிப்போகிறீர்கள்?"

"ஒழுங்கு அப்படி, பிரபு."

"ஒழுங்கு இல்லாவிட்டால்?"

சுவாமி கொஞ்ச தூரம் யோசித்தபடியே நடந்தார்.

"தெரியவில்லை," என்றார். "அதனால்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்."