கோணல் தகடு

பல் மருத்துவக் கல்லூரியில் பர்வீன் மேடத்திடம் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது செண்பகராமனுக்கு வயது நாற்பத்தெட்டு. ஊரில் சொந்தக் கிளினிக், நல்ல பெயர். மேடம் தன்னைவிடச் சின்னவர் என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கூடப் படித்த ஜெசிந்தாவைத்தான் தாங்க முடியவில்லை. அவள் செய்த எதையாவது கையில் எடுத்து மேடம் "ம்" என்றால் போதும், இவருக்கு அன்று சோறு இறங்காது.

ஒரு நாள் மாசிலாமணி வந்தார். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நாக்கு மேலண்ணத்தைத் தொடாது. டீ குடித்தால் பாதி சட்டையில், பாதி மூச்சுக்குழாயில். தோளில் துண்டில்லாமல், டீக்கடையில் நாலு பேரோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

எட்டாத அண்ணத்தை நாக்குக்கு இறக்கிக் கொடுக்க ஒரு தகடு உண்டு. அதில் இளகிய மெழுகு பூசி வாயில் மாட்டுவார்கள். விழுங்க விழுங்க நாக்கு மெழுகை அழுத்தும். அந்த வடிவத்தையே பிளாஸ்டிக்கில் வார்ப்பார்கள்.

"ஆளுக்கு ஒண்ணு செய்யுங்க. எது சேருதோ அதை அவர் எடுத்துக்கட்டும்" என்றார் மேடம்.

ஜெசிந்தாவின் தகடு மேடும் பள்ளமுமாக, ஒரு பக்கம் கோணிக்கொண்டு இருந்தது. செண்பகராமனின் தகட்டில் முகம் பார்க்கலாம்.

"பரவாயில்லம்மா, போகப்போகக் கை வந்துடும்" என்று அவளைத் தேற்றினார். உள்ளுக்குள் தீபாவளி.

மாசிலாமணி முதலில் பளபளத்த தகட்டைப் போட்டுக்கொண்டு ஒரு வாய் டீ குடித்தார். இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு கோணல் தகட்டைப் போட்டுக் குடித்தார். சட்டை நனையவில்லை.

"இ... து" என்றார், ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தபடி.

செண்பகராமன் தன் தகட்டைக் கழுவித் துடைத்து மேடத்தின் மேசையில் வைத்தார். எல்லோரும் போகும்வரை காத்திருந்தார்.

"ஜெசிந்தாவுக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக் கொடுத்தீங்க மேடம்?"

மேடம் அவர் தகட்டை எடுத்துக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"மெழுகுல அவர் நாக்கு அழுத்தின பள்ளம் விழுந்திருக்குமே சார்?"

"விழுந்துச்சு. கோணல்மாணலா."

"அது எங்க?"

"மெழுகு வச்சு நிரப்பி வழிச்சுட்டேன். பார்க்க நல்லா இல்ல."

"யாரு பார்க்க?"



"நீங்கதான் மேடம். என்னோடதையும் ஜெசிந்தாவோடதையும் பக்கத்துல வச்சுப் பார்ப்பீங்களே."

மேசையில் ஆறிக்கிடந்த தன் டீயை எடுத்து மேடம் ஒரே மூச்சில் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு விழுங்குறதுல ஒரு கஷ்டமும் இல்லையே சார்."