காவி வேட்டிக்கு எந்த எண்

"வரியே வேண்டாம்னுதானே சாமி இங்க வந்தேன். வந்த இடத்துலயும் வரியா?"

தாணுமூர்த்தி கேட்டார். வணிகவரி அலுவலகத்தில் காலமெல்லாம் உட்கார்ந்து எழுந்தவர். மனைவி போன பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

சாமி எண்ணெய் பாட்டில்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தாணுமூர்த்தியைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

"வரும்போது என்ன கேட்டு வந்தீரு?"

"காவி."

"அது எங்கயும் ஓடிப்போவாது. முதல்ல கடையைப் பாரும்."

கடை என்பது கம்ப்யூட்டரில் இருக்கிற கடை. மடத்துத் தேங்காயெண்ணெய், தேன், மூலிகைச் சோப்பு, சாம்பிராணி, ருத்திராட்சம், வேட்டி, துண்டு என்று எல்லாம் அதில் விற்பனைக்கு உண்டு. எங்கெங்கோ இருந்து ஆர்டர் வரும். பொருள் ஒவ்வொன்றுக்கும் வரி எண் போட வேண்டும் என்று கடையை நடத்துகிற கம்பெனி சொல்லிவிட்டது. எண் இல்லாத பொருள் நாளை முதல் யார் கண்ணுக்கும் தெரியாது.

"முடிச்சா காவி தருவீங்களா?"

"முடிச்சுட்டு வாரும். பார்ப்போம்."

"பார்ப்போம்னு சொல்லாதீங்க சாமி. ஆபீஸ்ல வர்றவங்களை நான் அப்படிச் சொல்லித்தான் அனுப்புவேன். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்."

சாமி சிரித்தார்.

"சரி. தாரேன்."

தாணுமூர்த்தி உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

ஒவ்வொன்றாகப் போட்டால் பொழுது சாய்ந்துவிடும். ஓர் இனத்தை மொத்தமாகக் குறியிட்டு, எண்ணை ஒரே தடவை போட்டால் போதும். அத்தனைக்கும் விழுந்துவிடும்.

சோப்பெல்லாம் ஒரு கட்டு. சாம்பிராணி, ஊதுவத்தி ஒரு கட்டு. தேன் தனி. வெள்ளை வேட்டி, துண்டு, அடுப்படித் துணி ஒரு கட்டு. ருத்திராட்சம், விபூதி, பூணூல் ஒரு கட்டு.

கை தானாக ஓடியது. பழைய சுகம் ஒன்று விரலில் வந்து உட்கார்ந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கை நிற்கவில்லை.

எண்ணெயில் வந்து நின்றது.

வெளியே வந்தார்.

"சாமி, தேங்காயெண்ணெய் சமையலுக்குன்னா ஒரு எண். தலைக்குன்னா வேற எண். எதைப் போடட்டும்?"

சாமி கையிலிருந்த பாட்டிலைத் திறந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தார்.

"தலைக்கு," என்று சொல்லிக்கொண்டே தாணுமூர்த்தி உள்ளே போனார்.

எண்ணைப் போட்டு முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து அப்பளம் பொரிகிற வாசனை வந்தது. எட்டிப் பார்த்தார். சமையல் செய்யும் இசக்கியம்மாள் அதே பாட்டிலைச் சட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏது?"

"சாமிதான் இப்பக் கொண்டாந்து தந்தாவ. ஏன், அப்பளம் வேண்டாமா?"

மறுபடியும் வெளியே வந்தார்.

"சாமி, விளையாடாதீங்க. நாம எதுக்குன்னு சொல்லி விக்கோம்?"

"திங்கதுக்கு."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"அப்ப தலை காஞ்சு கிடந்துது."

தாணுமூர்த்தி உள்ளே போய் எண்ணை மாற்றினார். எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

திரையில் வரிசை வரிசையாகப் பச்சை விழுந்தது. சோப்பு பச்சை. தேன் பச்சை. சாம்பிராணி பச்சை.

ஒரே ஒரு வரி சிவப்பு.

காவி வேட்டி.

'துணி பருத்தி என்று உள்ளது. தந்த எண் பொருந்தவில்லை' என்று கீழே எழுதியிருந்தது.

திரும்பவும் அனுப்பினார். திரும்பவும் சிவப்பு.

வெளியே வந்து சாமி முன்னால் நின்றார்.

"ஒண்ணை மட்டும் ஏத்துக்க மாட்டேங்குது."

"எதை?"

"காவி வேட்டியை."

"எதோட சேர்த்தீரு?"

"ருத்திராட்சம், விபூதியோட."

"ஏன்?"

"வேற எங்க சேர்க்க? அடுப்படித் துணியோடயா?"

சாமி அடுத்த பாட்டிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"எண்ணெய் எதுக்குன்னு கம்பெனிக்காரன் கேட்டான்," என்றார் தாணுமூர்த்தி. "அதே நியாயம்தானே இதுக்கும்? காவி எதுக்கு? துறவுக்கு. நான் போட்டதுல தப்பில்ல."

"சரியாத்தான் சொல்லுதீரு. இதுவரை யாரு யாரு வாங்கியிருக்கான்னு பாத்துட்டு வாரும்."

போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"யாரு?"

"ஒரு நாடகக் கம்பெனி. மொத்தமா வாங்கியிருக்கு."

"அப்புறம்?"

"ஒரு பள்ளிக்கூடம். மாறுவேடப் போட்டிக்காம்."

"சாமியாரு யாரும் இல்லையா?"

"தெரியல. ஒருத்தர் மட்டும் விவரமா எழுதியிருக்கார்."

"என்னன்னு?"

"லாரி ஓட்டுதவர். இந்தக் கலரு அழுக்கைக் காட்டாது, ஓட்டும்போது கட்ட வசதின்னு எழுதி நாலு நட்சத்திரம் போட்டிருக்கார்."

"ஒண்ணை ஏன்வே குறைச்சான்?"

தாணுமூர்த்தி தரையைப் பார்த்தார்.

"சாயம் போவுதாம்."

சாமி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கும் வரை தாணுமூர்த்தி அப்படியே நின்றார்.

"எண் போடலேன்னா நாளைக்குக் கடையில இருக்காது சாமி."

"போனா போவுது. வேட்டிதானே?"

"வேட்டி இல்ல சாமி."

"பின்ன என்ன?"

தாணுமூர்த்தி திரும்பி உள்ளே போனார்.

நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தபடி இருந்தார். இசக்கியம்மாள் வந்து சாப்பிடக் கூப்பிட்டாள்.

"அப்பளம் நமுத்துப் போவுது."

"நமுக்கட்டும்."

அவள் திரைப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்தச் செவப்பு மட்டும் ஏன் அப்படிக் கெடக்கு? அதுக்கு ஏதும் சொகமில்லையா?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

நிறத்துக்கென்று தனி எண் கிடையாது. அது அவருக்குத் தெரியாததல்ல. ஆபீஸில் எதிரே நின்று மன்றாடிய ஜவுளிக்காரர்களிடம், தலையைத் தூக்காமல் அவரே சொன்னதுதான். நூல் என்ன என்பதுதான் கேள்வி, என்ன சாயத்தில் முக்கினீர் என்பது கேள்வி இல்லை என்று. அவர்களும் இதே மாதிரிதான் நின்றிருப்பார்கள்.

துணிகளின் கட்டைத் திறந்தார். வெள்ளை வேட்டியைக் குறியிட்டார். துண்டைக் குறியிட்டார். அடுப்படித் துணியைக் குறியிட்டார். காவி வேட்டியைக் குறியிட்டார்.

'தேர்ந்தெடுத்த அனைத்துக்கும் இதே எண்ணைப் போடலாமா?' என்று திரை கேட்டது.

கை அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது.

எல்லாம் பச்சை.

வெளியே வந்தார். சாமி கடைசி பாட்டிலில் இருந்தார்.

"முடிஞ்சுது சாமி."

"எதோட சேர்த்தீரு?"

"அடுப்படித் துணியோட."

சாமி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். சரக்கு அறைக்கு அவரே போய் மடிப்புக் கலையாத காவி வேட்டி ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"தாரேன்னு சொன்னேன்லா. வாங்கிக்கிடும்."

தாணுமூர்த்தி வேட்டியைப் பார்த்தார். ஓரத்தை விரலால் தொட்டு நூலைத் தடவினார். நல்ல நெசவு.

"காவி வேட்டிக்கு ஆர்டர் ஒண்ணு நிக்குது சாமி. சரக்கு அனுப்பலையான்னு காலையில இருந்து கேட்டுக்கிட்டு இருக்கான். இதை அவனுக்கு அனுப்பிருவோம்."

"அப்ப உமக்கு?"

"கொடியில என் வெள்ளை வேட்டி ஒண்ணு காயுது."